பஸ் ஏற்றிவிடுகிறவர்

எனக்குக் கல்யாணம் முடிவானதே என் அப்பா பஸ்ஸைத் தவறவிட்டதால்தான். பொன்னமராவதியிலிருந்து அறந்தாங்கிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள், காபி குடித்துவிட்டு உடனே கிளம்புவதாகத்தான் பேச்சு. அப்பாவுக்கு அரை மனதுதான். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து வாசலுக்கு வந்தால் செருப்பைக் காணோம். தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இலை போட்டுவிட்டார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் பாயும் விரித்துவிட்டார்கள். கடைசி பஸ் போய்விட்டது. மறுநாள் காலையில் உர மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து செருப்பு கிடைத்தபோது என் கல்யாணத்துக்கு மாதமும் குறித்தாகிவிட்டது. செருப்பை ஒளித்து வைத்தவர் என் மாமனார்.

சிலர் காசைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் வம்பைப் பிடித்துக்கொள்வார்கள். இவர் ஆளைப் பிடித்துக்கொள்வார். வீட்டுக்கு ஒருவர் வந்துவிட்டால் அவரைத் திரும்பிப் போகவிடுவது இவருக்கு உயிர்போகிற வேலை. "வெயில் தாழட்டும்" என்பார். மழைக்காலத்தில் "மழை விடட்டும்." வெயிலும் மழையும் இல்லாத நாளில் "ஒங்க வீடு எங்கிட்டும் போயிறாது, ஒக்காருங்க." கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் எங்கள் வீட்டைத் தெருவிலேயே கடைசியாக வைத்துக்கொள்வார். இங்கே நுழைந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான் என்று அவருக்குத் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வரும். சோறு வடிக்கிறவள் நான்தானே.

அப்படியும் ஒருவர் கிளம்பியே தீருவதென்றால், தனியாகப் போக முடியாது. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வருவார். தெருமுனையில் கோட்டைப்பட்டினம் ரோடு. அங்கே நிழற்குடையில் நிற்க வைத்து, பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "தம்பி, ஜன்னலோரமாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லி ஏற்றிவிட்டு, பஸ் அரிசி ஆலைத் திருப்பத்தில் மறையும்வரை கையைப் பாதி தூக்கியபடி நிற்பார். வண்டியில் வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மாமா நடந்து வருவதால் அவர்களும் வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோடுவரை வர வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் முதல் தடவை கத்தார் போனபோது திருச்சி ஏர்போர்ட் வாசலில் மகன் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. காவலுக்கு நின்றவர் வந்து மெதுவாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. மாமா அவரிடம், "நீங்க சாப்பிட்டீங்களாய்யா?" என்று கேட்டார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. என் மாமியார் இறந்த அன்று வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. தூக்கப் போனவர்களை மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "கொஞ்சம் இருக்கட்டும். வெயில் தாழட்டும்." அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, இல்லாத வெயில் தாழட்டும் என்று காத்திருந்தோம்.

அதற்குப் பல வருஷம் கழித்து அவருக்கு நிமோனியா வந்தது. மகள் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாள், கணவர் கத்தாரில். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, பிழைத்தது மறுபிழைப்பு என்று சொல்லி, ஆக்சிஜன் மெஷினோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கரம் வைத்த பெட்டி. கரண்டில் ஓடும். பக்கத்தில் ஒரு பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான டியூப் மாமாவின் மூக்குக்கு வரும். படுக்கை அறையிலிருந்து ஹால்வரை நடமாடலாம். வாசலுக்கு எட்டாது.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "சளி நல்லாவே கரைஞ்சிருச்சும்மா. ஒரேயடியா நிறுத்தாதீங்க, கொஞ்சங் கொஞ்சமாக் கொறைங்க. சும்மா இருக்கும்போது தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போகாம இருந்தா இன்னும் கொறைக்கலாம். பயந்துக்கிட்டு அதுலயே வச்சிருந்தீங்கன்னா காலு ரெண்டும் போயிரும். அப்புறம் படுக்கைதான்." மெஷினில் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் சின்னதாக ஒரு குண்டு மிதக்கும். திருகைத் திருப்பினால் குண்டு இறங்கும். விரலில் ஒரு கிளிப்பை மாட்டினால் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனின் எண் தெரியும். இவ்வளவுதான் என் வேலை.

முதல் முறை குண்டைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக் கிளிப்பைப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து. நல்ல காலை வெயில். மாமா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, கேட்டுக்கிட்ட யாரோ நிக்கிறாரு. உள்ள வரச் சொல்லு."

"யாரும் இல்ல மாமா."

"போய்ப் பாக்காமலே சொல்ற."

போய்ப் பார்த்தேன். கேட்டில் ஏதோ நகைக்கடை நோட்டீஸ் செருகியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வந்து, "போயிட்டாரு மாமா" என்றேன்.

"பஸ் ஏத்திவிடாம எப்படிப் போவாரு?" என்று முனகினார்.

ஆஸ்பத்திரியில் எண் இறங்கியபோது அவர் நர்ஸை மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மூளைக்குக் காற்றுப் போதாவிட்டால் அப்படித்தான் பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் இப்போது எண் நன்றாக இருந்தது. என்னைக் குடைந்தது அதுதான்.

அடுத்து இன்னும் இறக்கினேன். அன்று ஹாலில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் நான் துவைத்து மடித்த துணிகளை வைத்திருந்தேன்.

"அந்தத் துணிய எடு ஆத்தா. மனுசன் வந்ததுலேருந்து நின்னுக்கிட்டே இருக்காரு."

வாதாடுவதைவிடத் துணியை எடுப்பது சுலபம். எடுத்தேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. காபி கேட்டார், இரண்டு டம்ளர். கொண்டுவந்து வைத்தேன். அவருடையதைக் குடித்தார். இன்னொன்று ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "குடிக்கலையே மாமா ஒங்க விருந்தாளி?" என்றேன் கிண்டலாக.

"போற எடத்துல எதுவும் வாயில வைக்கக் கூடாதாம். அவங்க வேலையில அப்படி."

அதற்கு மேல் நான் கிண்டல் செய்யவில்லை.

திருகைக் கூட்டினால் விருந்தாளி கேட்டுக்கு வெளியே போய்விடுவார். குறைத்தால் நாற்காலிக்கு வந்துவிடுவார். எண்ணோ இரண்டு நிலையிலும் ஒரே மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனில் சொன்னேன். "பயத்துல மெஷினப் புடிச்சுக்கிட்டிருக்காரும்மா. நீங்க கொறைச்சுக்கிட்டே வாங்க" என்றார். அவர் மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. மாமாவுக்குப் பயமே இல்லை. மாமியார் போன பிறகு அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. பயமெல்லாம் எனக்குத்தான்.

"யாரு மாமா அது? நம்ம சொந்தமா?"

"தெரியல. கேக்கவும் ஒரு மாதிரியா இருக்கு. ஒம் புருஷன் வயசு இருக்கும். வெயில்ல ரொம்ப தூரம் வந்த மொகம்."

அடுப்படிக்குப் போய்க் கத்தாருக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவைதான் எடுத்தார். வேலை நேரத்தில் என்ன போன் என்று எரிந்து விழுந்தார். அந்தத் திட்டு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

பொன்னமராவதியிலிருந்து என் தம்பி மாமாவைப் பார்க்க வந்தான். எங்கே போனாலும் முதல் காரியமாகச் சாய்ந்து உட்காருகிறவன். நேரே அந்த நாற்காலிக்குப் போனான். கைப்பிடியில் கை வைத்தான். பிறகு என்ன நினைத்தானோ, தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்டா, சேர்ல ஒக்காரு."

"இருக்கட்டும்க்கா. கீழதான் குளுமையா இருக்கு."

அரைமணி நேரத்தில் "கெளம்புறேன் மாமா" என்று எழுந்தான். மாமா, "சரிப்பா" என்றார். அவ்வளவுதான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, அதைக்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் சுலபமாகக் கிளம்பியது அன்றுதான். ஏற்கெனவே ஒரு விருந்தாளி இருக்கும்போது இன்னொருவரை அவர் எதற்குப் பிடித்து வைக்க வேண்டும்? நான் தம்பியோடு கேட்வரை போய், ஏன்டா நாற்காலியில் உட்காரவில்லை என்று கேட்டேன். "தெரியலக்கா. யாரோ இப்பத்தான் எந்திரிச்சு அந்தாக்குல போயிருக்க மாதிரி இருந்துச்சு" என்றான். அதற்குப் பிறகு நானே அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன்.

குண்டு அடிமட்டத்துக்கு வந்தது. அடுத்தது டியூபைக் கழற்ற வேண்டியதுதான். பகலில் மட்டும் கொஞ்ச நேரம் கழற்றிப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கழற்றி, மெஷினை நிறுத்தினேன். வாரக்கணக்காகக் காதிலேயே இருந்த சத்தம் நின்றதும் வீடு காலியானது போல் இருந்தது. எண் தொண்ணூற்று நான்கு. மாமா நன்றாக மூச்சு விட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். அணைத்துவிட்டு வந்தால் கட்டிலில் ஆள் இல்லை.

கேட் திறந்து கிடந்தது. தெருவில் காம்பவுண்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை போட்டிருந்தார். உதடு நீலமாகிவிட்டது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தாங்கிக்கொண்டு வந்து டியூபை மாட்டினோம். எண் எண்பதில் நின்றது. பேச்சு வந்ததும் சொன்னார்:

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புறேன்னாரு. டியூப் இருந்தவரைக்கும் சொல்லாம ஒக்காந்திருந்தாரு. கழட்டுனதும் எந்திரிச்சிட்டாரு. தனியா எப்படி ஆத்தா அனுப்புறது? ஒரு எட்டு ஏத்திவிட்டுட்டு வந்துர்றேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. மெஷின் இருக்கும்வரை இவரால் வாசல் தாண்ட முடியாது. கால் சூம்பிக் கட்டிலோடு கிடக்க வேண்டியதுதான். மெஷினை எடுத்தால் வந்தவர் எழுந்துவிடுவார். இவரும் கூடவே போவார், ரோட்டைத் தொடுமுன் மூச்சு நின்றுவிடும். அதை நம்பினேனா என்று கேட்டால், நம்பவில்லை. நம்பாமலேயே பயந்தேன்.

மறுநாள் கேட்டைப் பூட்டிவிட்டு டியூபைக் கழற்றலாம் என்று சாவியை எடுத்தேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது.

"வீட்டுக்கு வந்தவர உள்ள வச்சுப் பூட்டுறதா?"

சாவி கையிலேயே நின்றது. பூட்டினால் நானும் அல்லவா உள்ளே இருப்பேன்.

பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, வாயில் வந்துவிட்டது. "நீங்க இருங்க மாமா. நான் கொண்டுபோய் ஏத்திவிட்டுட்டு வாரேன்."

"நீ எதுக்கு ஆத்தா? வெயிலு. வேணாம்."

"நான் ஏத்திவிட்டா பஸ் போகாதா?"

"அதுக்கில்ல." கொஞ்ச நேரம் நாற்காலியையே பார்த்தார். "நானே போறதுதான் மொறை" என்றார். நான் விடவில்லை. நீங்கள் வாசல் தாண்டினால் உங்கள் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று சண்டையே போட்டேன். கடைசியில் சம்மதித்தார். சம்மதித்ததும் பழையபடி உத்தரவு போட ஆரம்பித்துவிட்டார். கோட்டைப்பட்டினம் பஸ்தானாம். ஜன்னலோரம் பார்த்துக் கொடுக்கச் சொல்ல வேண்டுமாம். பஸ் மறையும்வரை நிற்க வேண்டுமாம்.

அக்காவை அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். டியூபைக் கழற்றினேன். மெஷின் நின்றது. மாமா நாற்காலியைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் குடையை எடுத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் தாண்டுகிற நேரம் நின்றுவிட்டு, சாத்தினேன். எனக்கே என்னைப் பார்த்தால் சிரிப்பாக இருந்திருக்கும். ஆனால் சிரிப்பு வரவில்லை. அக்கினி வெயிலில் முதுகு மட்டும் சில்லென்று இருந்தது.

தெருமுனை மளிகைக் கடைக்காரர் கூப்பிட்டார். "ஏம்மா, கொடைய அங்கிட்டுச் சாச்சுப் புடிச்சிருக்க? ஒந்தலையிலல்ல வெயில் அடிக்குது."

பார்த்தேன். என் தோள் முழுக்க வெயிலில் இருந்தது. குடையின் நிழல் பக்கத்தில் காலியாக விழுந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தேன், கை வரவில்லை. அப்படியே நடந்தேன்.

பஸ் வந்து நின்றது. ஏற ஆள் இல்லை. "ஏறுறீங்களாம்மா?" என்றார் கண்டக்டர். "இல்லண்ணே" என்றேன். அப்படியும் அவர் உடனே விசில் கொடுக்கவில்லை. படியை விட்டு ஒதுங்கி நின்றார், யாரோ ஏறுவதற்கு இடம் விடுகிற மாதிரி. பிறகுதான் ஊதினார். பஸ் நகர்ந்தது. ஜன்னலோரச் சீட் ஒன்று காலியாக என்னைக் கடந்தது.

அப்போதுதான் அது நடந்தது. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் யாரும் "போயிட்டு வாரேன்" என்று சொல்ல மாட்டார்கள்; வீட்டுக்காரர்களும் "போயிட்டு வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் அதே காரியத்துக்கு மறுபடி வரச் சொன்னதாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாதா? ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய வாய். கை தானாக மேலே போயிற்று.

"போயிட்டு வாங்க."

கண்டக்டர் தன்னைச் சொன்னதாக நினைத்துத் தலையாட்டினார். அரிசி ஆலைத் திருப்பத்தில் பஸ் மறைந்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமா கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். எண் தொண்ணூற்றைந்து. நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது. அது எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்.

"சீட்டு கெடச்சுதா?"

"கெடச்சுது மாமா."

"என்ன சொல்லி அனுப்புன?"

நான் குடையை மடக்கி மூலையில் சாத்தினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "நீ சொல்லிருவேன்னு தெரியும். அதுக்குத்தான் நானே போறேன்னு நின்னேன்."

இவர் புத்தி பேதலித்து அலைகிறார் என்று நினைத்திருந்தேனே. என் வாயைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. "விடு ஆத்தா" என்றார். "வந்தா நான் பாத்துக்கிறேன். நீ வெளிய வராத."

அன்றோடு டியூபை மாட்ட வேண்டிய தேவையே வரவில்லை. பகல், பிறகு ராத்திரி, எல்லாம் சொந்த மூச்சுதான். மெஷினைத் திருப்பிக் கொடுத்தோம். டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைத்தான் பாராட்டினார்.

மாமா அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு உட்புறம், தெருவைப் பார்க்கப் போட்டுக்கொண்டார். பகலெல்லாம் அங்கேதான். வருகிறவர்களை உள்ளே விடுவதில்லை. கேட்டிலேயே நிற்க வைத்துப் பேசி, அங்கேயே அனுப்பிவிடுவார். கரண்ட் ரீடிங் எடுக்கிறவருக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. ஆக்சிஜன் வைத்ததில் மனுசன் மாறிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நான் காபியைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு, "உள்ள போ ஆத்தா" என்பார்.

ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. ஒரு முற்பகல், மகள் லீவுக்கு வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் சட்னி அரைத்து மிக்ஸியை நிறுத்தியபோது வாசலில் மாமாவின் குரல் கேட்டது. பழைய குரல். விருந்தாளியைக் கண்டால் வருகிற குரல்.

"வாங்க, வாங்க. வீட்டுல யாரும் இல்ல, நான் மட்டுந்தான். உள்ள வேணாம். இங்கிட்டிருந்தே கெளம்பிருவோம்."

நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்காலியில் சாய்ந்திருந்தார். காலில் செருப்பு மாட்டியிருந்தார். கேட் சாத்தியபடியே இருந்தது.

என் கணவர் கத்தாரிலிருந்து வந்து சேரும்வரை வைத்திருந்து, மறுநாள் எடுத்தோம். வண்டி நகரும்போது பெண்கள் எல்லாம் கேட்டுக்கு உள்ளே நின்றோம். வந்தவர்கள் ஒவ்வொருவராக, யாரிடமும் எதுவும் சொல்லாமல் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே இறங்கி, தெருவில் வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் நடந்தேன். எனக்கு முறையெல்லாம் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"போயிட்டு வாங்க மாமா."

பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். அதற்குள் நான் சொல்லி முடித்துவிட்டேன்.